பார்வையற்றவர் விட்டுச்சென்ற பாடல்கள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலுள்ள சான் லொரன்சோ தேவாலயத்தில் ஒரு கல்லறைக்கல் உண்டு. கையில் சிறிய ஓர்கன் ஒன்றை ஏந்திய மனிதரின் உருவம் அதிலே செதுக்கப்பட்டுள்ளது. அவர்தான் பிரான்செஸ்கோ லான்டினி. 1397 செப்டெம்பர் 2ஆம் திகதி காலமானவர்.

சிறுவயதிலேயே பெரியம்மை இவரது பார்வையைப் பறித்துவிட்டது. ஆயினும் பாடினார், கவிதை புனைந்தார், பல வாத்தியங்களை இசைத்தார். ஓர்கன்களைச் சுருதி சேர்க்கவும் அறிந்திருந்தார். பல்லாண்டுகள் அதே தேவாலயத்தில் பணியாற்றியவர். ஆனால், இன்று எஞ்சியிருக்கும் இவரது சுமார் 150 பாடல்களிற் பெரும்பாலானவை காதற்பாடல்களே என்பது வியப்புக்குரியது! அவற்றுள் ஏறத்தாழ 140, ‘பல்லாத்தா’ எனும் வகையின. இரண்டு அல்லது மூன்று குரல்களுக்காக அமைந்தவை.

பதினான்காம் நூற்றாண்டு இத்தாலிய இசையில் எஞ்சியிருப்பதிற் கால்வாசியளவு இவர் ஒருவருடையதாகும். இவ்வளவும் நமக்குக் கிட்டியமைக்கு ஏடெழுதியவர்களே காரணம். தாம் இயற்றிய இசையின் ஒரு குறியைத்தானும் அவர் கண்ணாற் கண்டிருக்க முடியாது. அவர் மறைந்து சில ஆண்டுகளின் பின், புளோரன்சில் ‘ஸ்குவார்ச்சலூப்பி’ சுவடி உருவாயிற்று. தோற்பக்கங்களில் வண்ணமும் பொன்னும் இழைத்து எழுதப்பட்ட அச்சுவடியில் லான்டினியின் பாடல்களே மிகுதி. அவரது உருவமும் அதிலே தீட்டப்பட்டுள்ளது. கையில் அதே ஓர்கன்.

கல்லறைக்கல்லோ பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை காணாமற் போயிருந்தது. ஏட்டுக்கு அந்தக் கதி நேரவில்லை.