நிப்பா வைரஸின் வி புரதம்: ஸ்டாட்-1 விளக்கத்தின் எல்லைகள்

நிப்பா வைரஸ் மனித உயிரணுவின் தற்காப்புச் செய்தியை எவ்வாறு முடக்குகிறது என்பதற்குப் பரவலாகத் தரப்படும் விளக்கம், ரோட்ரிகெஸ், பாரிசியன், ஹார்வாத் ஆகிய மூவரும் 2002-இல் ஜர்னல் ஆஃப் வைராலஜி இதழில் வெளியிட்ட கட்டுரையை அடியாகக் கொண்டது. அக்கட்டுரையின் சோதனை முடிவுகளில் பிழையில்லை. ஆயினும் மலேசியாவின் பேராக் மண்ணில் தொடங்கிய ஒரு நோயின் கொடுமைக்கு அம்முடிவுகளையே முழுக் காரணமாகக் கொள்வது, பின்வந்த சான்றுகளின் முன் நிலைக்கவில்லை.

நோயின் வரலாறு இங்கு விரிவாக வேண்டுவதில்லை. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா மாவட்டத்துப் பன்றிப் பண்ணைகளில் தலைகாட்டிய இந்நோய், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டதால் கொசுப்புகை அடிப்பதிலும் தடுப்பூசியிலும் மாதங்கள் கழிந்தன. சிறுவர்களைவிடப் பண்ணையில் உழைத்த ஆண்களே மிகுதியாக நோயுற்றதும், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பாததும் அக்கருத்துக்கு முரணாக நின்றன. நோய் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் பரவிய பின், 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். மலேசியாவில் நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டனர்.

வைரஸ் நுழைந்ததை உணரும் உயிரணு, இன்டர்ஃபெரான் என்னும் செய்திப் புரதத்தைச் சுரக்கிறது, இது முதற்கட்டம். அச்செய்தி அண்டை உயிரணுவின் ஏற்பியைத் தொட்டதும், ஸ்டாட்-1, ஸ்டாட்-2 என்னும் புரதங்கள் பாஸ்பேட் ஏற்று உட்கருவுக்குள் சென்று தற்காப்பு மரபணுக்களை இயக்குகின்றன; இது இரண்டாம் கட்டம். மூவர் கட்டுரை இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றியது. நிப்பாவின் வி புரதம் ஸ்டாட்-1, ஸ்டாட்-2 இரண்டையும் பற்றிப் பெருங்கூட்டாகச் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே, தேக்கி வைக்கிறது என்றும், அவை பாஸ்பேட் ஏற்பதைத் தடுக்கிறது என்றும் அது நிறுவியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சிமியன் வைரஸ்-5 ஸ்டாட்-1 புரதத்தை அழித்துவிடுகிறது என்பது முன்னரே தெரிந்திருந்தது. நிப்பா அழிக்காமல் சிறைப்படுத்துகிறது என்பதே அக்கட்டுரையின் புதுமை. அந்த நுட்பமான வேறுபாட்டைப் பிரித்தறிந்தது இத்துறைக்குக் கிடைத்த பெரும்பேறு.

எனினும் அச்சோதனைகளில் வி புரதம் உயிரணுவில் தனியாக உருவாக்கப்பட்டது. முழு வைரஸ் அங்கில்லை. தனிப் புரதத்தால் இயலும் செயல் தொற்றின்போதும் அதே அளவில் நிகழ்கிறது என்னும் எண்ணமே அவ்விளக்கம் பரவியதற்கு அடிப்படை. 2011-இல் வெர்ச்சூ, மார்ஷ், வாங் ஆகியோர் முழு வைரஸைக் கொண்டு மனித உயிரணு வரிசைகளைத் தொற்றச் செய்தபோது, இன்டர்ஃபெரான் சுரப்பு தடைபட்டதே தவிர, அதற்குப் பின்னான ஸ்டாட் வழிச் செய்தி இயங்கிக்கொண்டே இருந்தது. வைரஸின் இயற்கைப் புகலிடமான பழந்தின்னி வௌவாலின் உயிரணுக்களில் அதே குழுவினர் செய்த ஆய்விலோ, இரு கட்டங்களும் தடைபட்டன. மூவர் விவரித்த தடை மனிதரைவிட வௌவாலிலேயே முழுமையாக வெளிப்படுகிறது என்று இதனைக் கொள்ளலாம்.

இவ்விடத்தில் வி புரதம் பிறக்கும் பி மரபணுவின் ஒரு சிறு பகுதியை நின்று வாசிக்க வேண்டும். அம்மரபணு நேராகப் படியெடுக்கப்பட்டால் 709 அமினோ அமிலங்கள் கொண்ட பி புரதம் உருவாகிறது. குறித்த ஓரிடத்தில் வைரஸின் நொதி, மூலத்தில் இல்லாத ஒரு குவானினைத் தூது ஆர்.என்.ஏ.வில் செருகினால், அதற்குப்பின் வாசிப்பு முறை மாறி, 456 அமினோ அமிலங்கள் கொண்ட வி பிறக்கிறது. இரண்டு குவானின்களைச் செருகினால் 450 கொண்ட டபிள்யூ பிறக்கிறது. முதல் நானூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் மூன்றுக்கும் பொது. கடைப்பகுதி மட்டுமே வேறு. வியின் வால் துத்தநாகத்தைப் பற்றும். டபிள்யூவின் வால் அப்புரதத்தை உட்கருவுக்குள் கொண்டுசெல்லும். ஸ்டாட்-1-ஐப் பற்றும் பகுதியோ பொதுப் பாடத்திலேயே உள்ளது. வி வெளியிலிருந்தும், டபிள்யூ உட்கருவுக்குள்ளிருந்தும் ஸ்டாட்-1-ஐத் தடுக்கின்றன என்பதை 2004-இல் ஷா, கார்சியா-சாஸ்த்ரே, பலேசே, பாஸ்லர் ஆகியோர் காட்டினர்.

மூவர் விளக்கத்துக்கான மறுப்பு இந்தப் பாட அமைப்பிலேயே உள்ளது. 2015-இல் சாட்டர்ஃபீல்ட் குழுவினர் ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்கில் நடத்திய ஆய்வில், வி நீக்கப்பட்ட வைரஸ் பெருகியும் உயிரைப் பறிக்கவில்லை. டபிள்யூ நீக்கப்பட்டபோது நோய் தாமதித்து, மூச்சுக்கோளாறு குறைந்து, இறுதியில் நரம்பு நோய் மிகுந்தது. ஸ்டாட்-1-ஐப் பற்றுவதே உயிர்க்கொல்லித் திறன் என்றால், அதே பற்றுப்பகுதியைக் கொண்ட பியும் டபிள்யூவும் எஞ்சியிருக்க, வி போனதும் அத்திறன் ஏன் போக வேண்டும்? 2019-இல் அதே குழு அப்பற்றுதலை மட்டும் சிதைத்துச் சோதித்தபோது நோயின் போக்கு மாறியது, மரணம் மாறவில்லை. எனவே கொல்லும் ஆற்றலை வியின் தனி வாலில்தான் தேட வேண்டும். இக்குடும்பத்து வைரஸ்கள் பலவற்றின் வி புரதம், வைரஸ் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் எம்.டி.ஏ-5 என்னும் உணர்வியை அவ்வாலால் பற்றி, இன்டர்ஃபெரான் சுரப்பையே முளையில் கிள்ளுகிறது என்பது 2004-இல் ஆண்ட்ரயேவா குழுவினரால் அறியப்பட்டது. சுரப்பு மட்டும் தடைபட்ட வெர்ச்சூ ஆய்வும் இதற்கு இயைகிறது. எனினும் ஃபெரெட் மனிதனன்று. வால் ஒன்றையே மாற்றிப் பார்க்கும் சோதனையே இதை உறுதிசெய்யும் என்பதால், இதனை வலுவான ஊகம் என்ற அளவிலேயே முன்வைக்கத் தகும்.

பேராக்கைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. வைரஸுக்குப் பெயர் தந்தது தெற்கின் சுங்கை நிப்பா என்னும் ஊர், தொடக்கமோ கிந்தாவில். 2004-இல் அபு பாக்கார் குழுவினர் பன்றிகளிலிருந்து குறைந்தது இரு வகை வைரஸ்களை இனங்கண்டு, பரவலுக்கு இரு தோற்றுவாய்கள் இருந்திருக்கலாம் என்றனர். 2012-இல் புல்லியம் குழுவினர், மாமரங்களும் பன்றிக் கொட்டில்களும் அடுத்தடுத்திருந்த கிந்தாப் பண்ணையில் வைரஸ் ஒருமுறைக்கு மேல் நுழைந்திருக்க வேண்டும் என வாதிட்டனர். 1997 தொடக்கத்திலேயே அப்பகுதியில் மனிதர் நோயுற்றதற்கான பின்னோக்கிய சான்றும் பேசப்படுகிறது. 1997-ஆ, 1998-ஆ என்பது முடிவாகவில்லை. முந்தைய காலமே உண்மையெனில், பன்றியின் உயிரணுக்களில் வைரஸ் நெடிது உழன்றிருக்கும். அதனால் பி மரபணு மாறியிருக்குமா என்ற வினா எழும். ஆகவே வி புரதத்தைப் பற்றிய எந்த முடிவும், எந்த வகை வைரஸ், எந்த விலங்கின் உயிரணு, தனிப் புரதமா முழுத் தொற்றா என்னும் மூன்றையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். இருபதாண்டுகளுக்கு மேலாகப் பரவியுள்ள ஸ்டாட்-1 விளக்கத்தையும் அவ்வரையறைக்குள் வைத்தே வாசிப்பது முறை.