மாத்திரையும் காலமும்: மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளின் வரலாற்றில் நோயாளரின் இடம்

1.0 முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில், எந்த ஆய்வகத்தில், யாரால் ஒரு மருந்து கண்டறியப்பட்டது என்பதே அதன் மையமாக அமைகிறது. அம்மருந்தை நாள்தோறும் உட்கொண்டு, அதனோடு உண்டு, உறங்கி, பணிக்குச் சென்று வாழ்ந்தவர்கள் அவ்வரலாற்றில் வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகின்றனர். மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்திற்கும் தரப்படும் மருந்துகளைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். காய்ச்சல் மருந்து சில நாள்களில் முடிந்துவிடும். இம்மருந்துகளோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உட்கொள்ளப்படுபவை. ஆகவே இவற்றின் வரலாறு ஒரு வேதிப்பொருளின் வரலாறாக இருக்கும் அளவிற்கு ஒரு வாழ்க்கைமுறையின் வரலாறாகவும் இருக்கிறது.

1952 முதல் 2022 வரையிலான எழுபதாண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டு, இம்மருந்துகளோடு வாழ்தல் பற்றிய அறிவு எங்கிருந்து, எவ்வளவு காலந்தாழ்ந்து வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வறிவின் பெரும்பகுதி நோயாளரிடமிருந்தும் அவரைச் சூழ்ந்திருந்தோரிடமிருந்தும் வந்தது என்பதும், அது நூல்களில் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கலைச்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. நாளேடுகளிலும் அன்றாடப் பேச்சிலும் ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் இரு வேறு நிலைகளைக் குறிக்க ஆளப்படுகிறது. தேர்வு, பணிச்சுமை, கடன் ஆகியவற்றால் எழும் நெருக்கடியும் மன அழுத்தம் எனப்படுகிறது. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் ஆர்வமும் குன்றி, வாழ்வே பொருளற்றதாகத் தோன்றும் நோய்நிலையும் அவ்வாறே சொல்லப்படுகிறது. இக்கட்டுரை பின்னதை மனச்சோர்வு என்றும், காரணத்திற்கு மிஞ்சி நீடிக்கும் அச்சநிலையை மனப்பதற்றம் என்றும் வழங்குகிறது.

2.0 காசநோய் மருத்துவமனையில் ஒரு தொடக்கம்

முதல் மனச்சோர்வு மருந்து மனநோய்க்காக உருவாக்கப்பட்டதன்று. 1952-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளருக்கு ஐப்ரோனியாசிட் என்னும் மருந்து கொடுத்துப் பார்க்கப்பட்டது. நெடுநாள் படுக்கையில் கிடந்தோர் பசியெடுத்து உண்ணவும், எழுந்து நடக்கவும், உற்சாகமாகப் பேசவும் தொடங்கினர். அவர்கள் விடுதிக் கூடத்தில் ஆடிய காட்சி செய்தித்தாள் படமாகவும் வெளிவந்தது. மருத்துவர்கள் இதை முதலில் மருந்தின் பக்கவிளைவாகவே கருதினர். அதே ஆண்டில் ஏர்ன்ஸ்ட் செல்லர் என்பவர் இம்மருந்து மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுப்பதைக் கண்டறிந்தார்.

ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1957-இல், நேத்தன் கிளைன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இப்பக்கவிளைவையே மருத்துவமாக்கினர். காசநோய்க்காக முன்னரே விற்பனையில் இருந்தமையால், இம்மருந்து மிக விரைவாக மனச்சோர்வுக்கும் வழங்கப்பட்டது. கல்லீரல் பாதிப்பும் மஞ்சட்காமாலையும் தோன்றவே, 1961-இல் அமெரிக்காவில் இது விலக்கிக்கொள்ளப்பட்டது. பயன் தெரிவதற்கும் தீங்கு தெரிவதற்கும் இடைப்பட்ட காலத்தில் அதை உட்கொண்டவர்களே அத்தீங்கிற்குச் சான்றாயினர்.

3.0 மூன்ஸ்டர்லிங்கனும் இமிப்பிரமினும்

இரண்டாவது மருந்து சுவிட்சர்லாந்தில் தோன்றியது. பாசல் நகரின் கைகி நிறுவனம் அனுப்பிய ஒரு வேதிப்பொருளை, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்பவர் ஆராய்ந்து வந்தார. மனச்சிதைவு நோய்க்கு அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1956 சனவரியில் கடும் மனச்சோர்வுற்ற பெண் ஒருவருக்கு அது கொடுக்கப்பட்டபோது, சில நாள்களில் அவரது நிலை வியக்கத்தக்க வகையில் மாறியது. இமிப்பிரமின் என்று பெயர்பெற்ற அம்மருந்தைப் பற்றி 1957 செப்டம்பரில் சூரிக் உலக மனநல மாநாட்டில் கூன் உரையாற்றினார். ஏறத்தாழ பன்னிருவரே அவ்வுரையைக் கேட்டனர் என்பர்.

கூன் அளவுகோல் பட்டியல்களை நம்பாதவர். நோயாளரோடு உரையாடியும், அவர்தம் முகத்தையும் நடையையும் கவனித்துமே மாற்றத்தைக் கண்டார். இவ்வகையில் அவரது கண்டுபிடிப்பு நோயாளரின் சொல்லைக் கேட்டதன் பயன் எனலாம். ஆயினும் இவ்வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. துர்காவ் மாநில அரசின் வேண்டுகோளுக்கிணங்க வரலாற்றாய்வாளர் குழு ஒன்று அவரது ஆவணங்களை ஆராய்ந்து 2019-இல் நூலாக வெளியிட்டது. பல்லாண்டுகளாக ஆயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளரிடம் பல்வேறு சோதனைப் பொருள்கள் கொடுத்துப் பார்க்கப்பட்டதையும், அவர்களுள் பலரிடம் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்பதையும் அந்நூல் வெளிக்கொணர்ந்தது. கூர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளரே கேட்கப்படாதவராகவும் இருந்தார் என்பது சிந்தித்தற்குரியது.

4.0 பாலாடைக்கட்டியும் ஒரு மருந்தாளரின் மடலும்

ஐப்ரோனியாசிட் விலக்கப்பட்ட பின்னரும் அதன் வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் பிரிட்டனில் பரவலாக வழங்கப்பட்டன. அவற்றை உட்கொண்டோருள் சிலருக்குத் திடீரெனத் தாங்கவொண்ணாத் தலைவலியும் இரத்தக் கொதிப்பும் ஏற்பட்டன; சிலர் உயிரிழக்கவும் நேர்ந்தது. காரணம் விளங்கவில்லை. நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர், தம் மனைவி பாலாடைக்கட்டி உண்ட இரு வேளைகளிலும் இத்தாக்குதல் நேர்ந்ததைக் குறிப்பிட்டு, இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் இளம் மருத்துவரான பாரி பிளாக்வெல்லுக்கு மடல் எழுதினார். முதலில் நகைப்புக்கிடமாகத் தோன்றிய அச்செய்தி, தேடிப் பார்த்தபோது உண்மையாயிற்று. 1963-இல் பிளாக்வெல் அதை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். முதிர்ந்த பாலாடைக்கட்டியிலுள்ள டைரமின் என்னும் பொருளை உடல் சிதைக்கவிடாமல் அம்மருந்துகள் தடுத்துவிடுவதே காரணமாகும்.

அன்று முதல் இவ்வகை மருந்தை உட்கொள்வோர் உணவுப் பட்டியலோடு வாழ வேண்டியவராயினர். எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்னும் அவ்வறிவு ஆய்வகத்தில் பிறக்கவில்லை. ஓர் இல்லத்தின் உணவு மேசையில் பிறந்தது.

5.0 பதற்றம் தனியே அறியப்பட்ட வரலாறு

மனப்பதற்றத்திற்கு 1950-களின் நடுப்பகுதி முதல் வேறு வகை மருந்துகள் வழங்கப்பட்டன. 1955-இல் மில்டவுனும், 1960-இல் லிப்ரியமும், 1963-இல் வேலியமும் விற்பனைக்கு வந்தன. இவை விரைவில் அமைதியூட்டுபவை. ஆயின் நாளடைவில் உடல் அவற்றையே சார்ந்து நிற்கும் நிலையை உண்டாக்கக்கூடியவை.

இதே காலத்தில் நியூயார்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் என்பவர், திடீர்ப் பேரச்சத்தால் அலைக்கழிக்கப்பட்ட நோயாளருக்கு இமிப்பிரமின் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் கழித்து, நலம் உண்டா என வினவியபோது நோயாளர் இல்லை என்றே கூறினார். மாற்றத்தைக் கண்டவர்கள் செவிலியர். நாள்தோறும் ‘இறக்கப் போகிறேன்’ என்று செவிலியர் கூடத்திற்கு ஓடிவந்தவர் இப்போது ஓடிவருவதில்லை என்று அவர்கள் தெரிவித்தனர். திடீர்ப் பேரச்சம் நின்றிருந்தது. அது மீண்டும் வந்துவிடுமோ என்னும் முன்னச்சமோ எஞ்சியிருந்தது. இவ்விரண்டையும் கிளைன் பிரித்துக் காட்டினார். 1980-இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில் பேரச்சநோய் தனி நோயாக இடம்பெற்றதற்கு இவ்வாய்வு அடித்தளமாயிற்று. மனச்சோர்வு மருந்து பதற்றத்திற்கும் தரப்படுவது ஏன் என்று இன்றும் பலர் வினவுகின்றனர். அதற்கான விடையின் ஒரு பகுதி இங்குள்ளது.

6.0 ‘குறைபாடு’ என்னும் விளக்கம்

மருந்து எவ்வாறு செயற்படுகிறது என்னும் வினாவிற்கு விடை தேடியபோது இந்தியாவின் மூலிகை ஒன்று முக்கியத்துவம் பெற்றது. சர்ப்பகந்தி வேரினைக் கொண்டு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் முறையைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்டார். 1952-இல் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது மூளையில் செரட்டோனின் அளவைக் குறைப்பது 1955-இல் அறியப்பட்டது. ரெசர்ப்பின் உட்கொண்டோருள் சிலர் சோர்வுற்றதாகச் செய்திகள் வந்தமையால், இத்தகைய வேதிப்பொருள்களின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் கருதுகோள் உருவாயிற்று. 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினை முதன்மைப்படுத்தியும், 1967-இல் அலெக் காப்பன் செரட்டோனினை வலியுறுத்தியும் எழுதினர்.

எனினும் 1955-இலேயே டேவிஸ், ஷெப்பர்ட் ஆகிய இருவரும் இலண்டனில் நடத்திய ஆய்வில் ரெசர்ப்பின் பதற்றமும் சோர்வும் உற்றோருக்கு நலமே செய்ததாகத் தெரியவந்தது. கருதுகோளுக்கு ஒத்த சான்று நூல்களில் நிலைபெற்றது. ஒவ்வாத சான்று நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. செரட்டோனின் குறைவே மனச்சோர்வு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினரின் திறனாய்வு கூறியது. விளக்கம் வலுவிழப்பதாலேயே மருந்தும் பயனற்றதாகிவிடாது என்பதை இங்கு உணர்தல் வேண்டும். 21 மருந்துகளைக் குறித்த 522 ஆய்வுகளைத் தொகுத்த சிப்ரியானி குழுவினர், அவை அனைத்தும் வெற்று மாத்திரையைவிடப் பயனுடையன என்று 2018-இல் காட்டினர். அப்பயன் பெரும்பாலும் மிதமானது என்பதையும், அவ்வாய்வுகள் ஏறத்தாழ எட்டு வார அளவில் கணிக்கப்பட்டவை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

7.0 புரோசாக் காலம்

1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளுவாக்சட்டின், புரோசாக் என்னும் வணிகப் பெயரோடு உலகெங்கும் அறிமுகமாயிற்று. உணவுக் கட்டுப்பாடு வேண்டாத, அளவு மீறினாலும் பழைய மருந்துகளைப்போல் உயிருக்கு அத்துணை ஆபத்து விளைவிக்காத மருந்தாக அது அமைந்தது. குடும்ப மருத்துவரே எழுதிக் கொடுக்கும் நிலை பரவியது. 1993-இல் பீட்டர் கிரேமர் எழுதிய நூல், மருந்து உட்கொண்டபின் தோன்றும் ‘நான்’ யார் என்னும் வினாவைப் பொதுமக்களிடையே எழுப்பியது.

இக்காலத்திலும் கேட்கப்படாத கேள்விகள் பல இருந்தன. 1997-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இவ்வகை மருந்துகளை உட்கொண்ட 344 பேரை ஆராய்ந்தனர். பாலுறவுசார் பக்கவிளைவுகளைத் தாமாகச் சொன்னோர் 14 விழுக்காட்டினர். நேரடியாக வினவியபோது ஆம் என்றோர் 58 விழுக்காட்டினர். நாணத்தால் சொல்லப்படாததும், மருத்துவர் கேளாததும் சேர்ந்து ஒரு பக்கவிளைவை அரிதானதாக்கிக் காட்டியிருந்தன. இம்மருந்துகள் சிறுவரிடமும் இளையோரிடமும் தற்கொலை எண்ணத்தை மிகுவிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை 2004-இல் அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. 2007-இல் அது 24 வயது வரையிலானோருக்கும் நீட்டிக்கப்பட்டது. மருந்தைத் தொடங்கும் வாரங்களில் இளையோரை அணுக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதே இவ்வெச்சரிக்கையின் பயன்பாடு.

8.0 நிறுத்துதல் என்னும் சிக்கல்

இம்மருந்துகளோடு வாழ்வோரின் முதன்மையான வினா, ‘எவ்வளவு காலம்?’ என்பதாகும். 1991-இல் பிரிட்டனில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் 78 விழுக்காட்டினர் மனச்சோர்வு மருந்துகள் அடிமைப்படுத்துபவை என்றனர். வேலியம் வகை மருந்துகள் விளைவித்த அச்சம் இவற்றின் மீதும் படிந்தது இதற்கு ஒரு காரணம் எனலாம். இவை போதையூட்டுவதில்லை; மேலும் மேலும் வேண்டும் என்னும் வேட்கையைத் தருவதுமில்லை. ஆகவே, அடிமைத்தனம் இல்லை என்று மருத்துவர்கள் உறுதி கூறினர்.

அவ்வுறுதி முழு உண்மையைச் சொல்லவில்லை. இமிப்பிரமினைத் திடீரென நிறுத்தியோருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் அமைதியின்மையும் ஏற்பட்டதை 1961-இலேயே கிளைன் உள்ளிட்டோர் வெளியிட்டிருந்தனர். புதிய மருந்துகளிலும் இவ்வறிகுறிகள் உண்டென ஒரு நிபுணர் குழு ஏற்றுக்கொண்டு எழுதியது 1997-இல்தான். அவை இலேசானவை, ஓரிரு வாரங்களில் மறைபவை என்றே அப்போதும் கருதப்பட்டது. மாதக்கணக்கில் அவதியுற்றோர், மூளையில் மின்னதிர்வுபோல் உணர்வதாகச் சொன்னோர், அது நோயின் மறுவருகை என்றே பதில் பெற்றனர். 2019-இல் மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகியோர், மருந்தளவைக் குறைக்கக் குறைக்க இறுதிப் படிகள் மிகச் சிறியனவாக இருத்தல் வேண்டும் என்று அறிவியல் அடிப்படையில் விளக்கினர். அதே ஆண்டில் பிரிட்டனின் மனநல மருத்துவர் கழகமும் சிலருக்கு இவ்வறிகுறிகள் கடுமையாகவும் நீண்டும் அமையலாம் என ஒப்புக்கொண்டது. 2022-இல் வெளியான இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி, படிப்படியாகக் குறைத்தலை வலியுறுத்தியது.

நீண்டகாலம் உட்கொண்டு நலமாக இருப்போர் நிறுத்தினால் என்னாகும் என்பதை 2021-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 478 பேரிடம் சோதித்தது. ஓராண்டிற்குள் நோய் திரும்பியோர், மருந்தைத் தொடர்ந்தவருள் 39 விழுக்காட்டினர். படிப்படியாக நிறுத்தியவருள் 56 விழுக்காட்டினர். மருந்து பலரைக் காக்கிறது என்பதும், நிறுத்தியோருள் கணிசமானோர் நலமாகவே இருந்தனர் என்பதும் இவ்வெண்களில் ஒருங்கே அடங்கியுள்ளன. எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அவரவர் வரலாற்றை அறிந்து, மருத்துவரும் நோயாளரும் கூடியே முடிவெடுத்தல் வேண்டும்.

9.0 முடிவுரை

உணவுக் கட்டுப்பாட்டை ஒரு கணவரின் மடலும், பேரச்சத்தின் தன்மையைச் செவிலியரின் பார்வையும், பக்கவிளைவின் அளவை நேரடி வினாவும், நிறுத்துதலின் துன்பத்தை நோயாளரின் விடாத முறையீடும் வெளிப்படுத்தின. இவற்றை நோக்குங்கால், இம்மருந்துகளோடு வாழ்வோரின் சொல் கேட்கப்பட்ட இடங்களில் அறிவு வளர்ந்தது என்பதும், கேட்கப்படாத இடங்களில் அது தேங்கியது என்பதும் புலனாகின்றன.

நம் சூழலில் அச்சொல் வெளிவருவதற்கு மொழியே தடையாகிவிடுவதுண்டு. மலேசியாவில் 1911-இல் மனநல மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தானும், சிங்கப்பூரில் உட்பிரிட்ஜும் பேச்சுவழக்கில் ஏளனச் சொற்களாகிவிட்டன. ‘மாத்திரைக்கு அடிமை’, ‘மனத்திடம் இல்லாதவர்’ என்னும் தொடர்களும் அவ்வாறே வழங்குகின்றன. இவற்றைக் கேட்டு வளரும் மாணவர் மருந்தை மறைத்து உட்கொள்வார். அல்லது உறவினரின் சொல்லுக்கு அஞ்சி ஒரே நாளில் நிறுத்திவிடுவார். அவ்வாறு திடீரென நிறுத்துவதன் விளைவை மேலே கண்டோம். தமிழாசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. நெருக்கடியையும் மனச்சோர்வையும் வேறுபடுத்தும் சொற்களை வகுப்பறையில் பிழையின்றி ஆள்வதும், ஏளனத் தொடர்கள் எழும்போது திருத்துவதும், மருந்தை நிறுத்த எண்ணும் மாணவரை மருத்துவரிடம் பேசுமாறு நெறிப்படுத்துவதும் அவரால் இயலும். நாணமின்றிச் சொல்வதற்கு ஏற்ற சொற்கள் அமையுமாயின், தம் நிலையைச் சொல்லத் துணிவோரும் பெருகுவர்.