தெற்றுப்பல்லும் திறந்த வாயும்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் காவல் நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தோர், 1895-இல் திறந்த அணையையும் 1928-இல் போடிநாயக்கனூரை எட்டிய ரயிலையும் விஸ்தாரமாகப் பேசுவார்களேயன்றி, அவ்வூர்ப் பிள்ளைகளின் வாயையும் மூக்கையும் பற்றிய வழக்கங்களைச் சரித்திர விஷயமாக மதிப்பவர் அரியர்.

கால்களை நீட்டி அமர்ந்த பாட்டி, சிசுவை அவற்றின்மேல் கிடத்தி, எண்ணெய் தொட்டு மூக்குத் தண்டை நீவி, தாடையை உருவி, நாசியில் ஊதிச் சளியெடுத்து நீராட்டுவாள். சற்று வளர்ந்தபின் விரல் சூப்பினால் வேப்பெண்ணெய் தடவுவாள். விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்லுவாள். நீவுவதால் எலும்பு மாறுமென்பதை நான் ஒப்பேன். ஊதுவதோ நோயை விருந்துக்கழைப்பது. ஆயினும் வேப்பெண்ணெய் விஷயத்தில் நான் பாட்டியின் கட்சியே. பல வருஷம் ஓயாது சூப்பிய கட்டைவிரல் மேல்வரிசைப் பற்களை முன்தள்ளுவதோடு, கன்னங்களின் அழுத்தத்தால் மேல்தாடையையும் குறுக்கிவிடும்.

குறுகினால் என்னவென்று கேட்கலாம். வாய்க்குக் கூரையாகிய மேலண்ணமே நாசிக்குத் தரை. ஆதலால் கூரை ஒடுங்கினால் மேல்மாடியும் ஒடுங்கும். கீழ்த்தாடை வளராது பின்தங்குமாயின், நித்திரையில் நாக்கு தொண்டையை நோக்கிச் சரிந்து சுவாச வழியை அடைக்கும். நாசியின் பின்புறம் வீங்கும் அடினாய்டுச் சதையால் பிள்ளைகள் வாயால் மூச்சுவிடுவதை 1868-இல் கோபன்ஹேகன் நகரத்து வில்ஹெல்ம் மேயர் விவரித்தார். நீண்ட முகமும் மூடாத உதடும் அதன் அடையாளமென்று பிற்காலத்து வைத்தியர் சொல்லலாயினர். அதற்கு முன்பே, 1860-இல், சான்பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்னும் பல்வைத்தியர், சுமார் 14 வயதுச் சிறுமியின் மேல்தாடையைத் திருகாணியால் இரண்டே வாரத்தில் அகட்டியதாக எழுதியபோது, சகவைத்தியர் பலர் நம்பவில்லை. அண்ணத்தின் நடுப்பொருத்து அப்பிராயத்தில் இறுகி ஒன்றுபடாதிருப்பதே அந்த வித்தையின் சூக்ஷ்மம்.

மென்று தின்னும் உணவு குறைந்ததால் தாடை சிறுத்ததென்றும் ஒரு கட்சியுண்டு. 1980-களில் சண்டிகர்ப் பக்கத்தில் ராபர்ட் கொருச்சினி முதலியோர் ஆராய்ந்தபோது, கிராமத்து வாலிபரைவிட நகரத்தாரிடம் பல்வரிசைக் கோளாறு மிகுந்திருந்தது. இதைக் கேட்டதும், பெரியாற்று நீரால் நெல் பெருகிக் கேழ்வரகு பின்வாங்கிய நம் பள்ளத்தாக்கையும் அவ்வழக்கில் சாட்சியாக இழுக்க ஆசை எழும். ஆனால் கேழ்வரகுக் களியை மென்றவர் யார்? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதல்லவா அது! கரும்பும், பனங்கிழங்கும், வறுத்த புளியங்கொட்டையும், காலையில் கடித்த வேப்பங்குச்சியுமே தாடைக்கு வேலை கொடுத்தவை.

தெற்றுப்பல்லை இப்பக்கத்தார் அதிர்ஷ்டமென்று கொண்டாடியதும், பெண் பார்க்கப் போனவர்கள் அதையே ஓர் அழகாகச் சொல்லி மகிழ்ந்ததும் உண்டு. இடமில்லாத தாடையில் கோரைப்பல் வரிசைக்கு வெளியே ஏறி நிற்பதே பெரும்பாலும் தெற்றுப்பல். அத்தகையோர் எல்லோருக்கும் மூச்சு முட்டுமென்பதில்லை. இன்றோ, உத்தமபாளையத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பல்லுக்குக் கிளிப் போடவென்று தேனிக்கு அழைத்து வரும் தாய்மாரிடம், விஷயமறிந்த வைத்தியர் பல்லைப் பார்க்குமுன் பிள்ளை குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறானா என்றுதான் விசாரிக்கிறார். விடை தெரியாத தாய், பிள்ளையை அருகில் படுக்கவைத்துக்கொள்ளும் பாட்டிக்குப் போன் போடுகிறாள்.