மாலை சூடிய மகளும் தந்தையின் மனமும்

"அந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றோர் சொல்லைத் தட்டியதில்லை" என்று இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பெற்றோர் நம்மிடம் கூறுவதுண்டு. வளரிளம் பருவத்து மகன் கைப்பேசியில் எவரோடோ நெடுநேரம் பேசுகிறான். மகளோ, முதலில் வேலை, பிறகே திருமணம் என்கிறாள். பெற்றோரின் கலக்கம் இயல்பே. ஆயினும் 'அந்தக் காலம்' எது என்று வரலாற்றைக் கேட்டல் நன்று.

திருவில்லிபுத்தூருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தவள் ஓர் இளம்பெண். துளசித் தோட்டத்தில் கண்டெடுத்துப் பெரியாழ்வார் வளர்த்த கோதை, இறைவனுக்குரிய மாலையைத் தானே சூடிப் பார்த்தாள் என்பது வைணவ மரபு. கண்ட தந்தை கடிந்துகொண்டார். மானிடர்க்கு மனைவியாகி வாழேன் என்று 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில் அவள் உறுதியாய் உரைத்தாள். தந்தை அவள் மனத்தை அறிந்து, தாமே திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார் என்கிறது அம்மரபு. கண்டிக்கவும் தெரிந்தவர், கேட்கவும் தெரிந்தவர்.

நம் திருச்சபையும் இவ்வினாவை எதிர்கொண்டது. பெற்றோர் இசைவின்றி நடக்கும் திருமணம் செல்லாது என அறிவிக்குமாறு பிரெஞ்சு அரசின் தூதர்கள் திரிதெந்தின் பொதுச்சங்கத்தை வேண்டினர். 1563இல் சங்கம் அதற்கு உடன்படவில்லை. பெற்றோரை மீறி மணப்பதைத் திருச்சபை விரும்புவதில்லை என்றது. ஆயினும் திருமணத்தை ஆக்குவது மணமக்களின் சம்மதமே என்பதைக் காத்தது. இரகசியத் திருமணங்களைத் தடுக்க, பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என விதித்தது. மறைவை விலக்கி, மனத்தை மதித்த தீர்ப்பு அது.

நாட்டின் சட்டமும் மெல்ல அவ்வழி வந்தது. 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றது. 1978இல் அது 18 ஆயிற்று. வயது வந்த இருவர் மனமொத்து மணப்பதில் குடும்பமோ ஊரோ குறுக்கிடலாகாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணவக் கொலைகள் நிகழும் மண்ணில் அத்தீர்ப்பு தேவைப்பட்டது என்பதே நமக்கு நாணம்.

1936இல் இராசபாளையத்தில் நூற்பாலை எழுந்தது. அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள் பெருகின. இன்று நம் பெண்மக்கள் கற்கின்றனர், ஊதியம் ஈட்டுகின்றனர். அவர்களுக்குக் காவலும் ஆண்மக்களுக்குக் கட்டற்ற உரிமையும் என்னும் பழைய அளவுகோல் இனிப் பொருந்தாது. பெண்ணை மதிக்க மகனுக்குக் கற்பிப்பதும் பெற்றோர் கடமையே.

பேச அஞ்சும் வீட்டில்தான் பிள்ளை மறைக்கிறது. ஆகவே அன்புள்ள பெற்றோரே, கடிந்துகொள்ளும் முன் கேளுங்கள்; கடிந்தபின்னும் கேளுங்கள்.