காயம்பட்ட பூனையின் உரிமை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றும் அரபிக் கல்லூரியின் மாணவர் விடுதியில் ஒரு கடுவன் பூனை வளர்ந்து வந்தது. வளர்ந்தது என்பதைவிட, சமையற்கட்டின் மிச்சத்தை உண்டு தானாகவே தங்கியிருந்தது என்பதே பொருந்தும். ஒரு நாள் வேறொரு பூனையுடன் சண்டையிட்டு வாலின் அடியில் கடிபட்டு வந்தது. மேலே சிறு துளை மட்டுமே தெரிந்தது, இரத்தமும் அதிகமில்லை. ‘தானே ஆறிவிடும்’ என்றேன். நான்காம் நாள் அவ்விடம் எலுமிச்சை அளவுக்கு வீங்கி, பூனை தீனியைத் தொடாமல் சுருண்டு கிடந்தது. மாணவர்கள் இரக்கப்பட்டுக் கிருமிநாசினித் திரவத்தால் காயத்தைக் கழுவினார்கள்; காய்ச்சல் தணியட்டுமென்று பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து ஊட்டினார்கள். மறுநாள் அது இறந்துவிட்டது.

‘நாம் பரிவுதானே காட்டினோம், ஹஜ்ரத், நம்மீது குற்றம் உண்டா?’ என்று ஒரு மாணவர் கேட்டார். அவருக்கு அன்று சொல்ல இயலாமற்போன விடையே இக்கட்டுரை.

பூனையைக் குறித்த இரு நபிமொழிகள் யாவரும் அறிந்தவை. பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், வெளியே சென்று இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளானாள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. அபூ கதாதா (ரலி) அவர்கள், தாம் உளூச் செய்யவிருந்த நீரைப் பூனை குடிப்பதற்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், அது அசுத்தமன்று, நம்மிடையே சுற்றி வரும் பிராணிகளுள் ஒன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்ததையும் அவர்களுடைய மருமகள் கப்ஷா அறிவிக்கிறார். முன்னது பசியைப் பற்றியது. பின்னது தூய்மையைப் பற்றியது. நோயுற்ற பிராணியின் நிலை என்ன?

இதற்கு விடை காண, திமிஷ்கில் தோன்றி கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களிடம் (ஹிஜ்ரி 660 / கி.பி. 1262) செல்ல வேண்டும். ‘கவாஇதுல் அஹ்காம்’ என்னும் நூலில், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். மூப்பாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குரிய செலவைச் செய்ய வேண்டும். தாங்கவியலாச் சுமையை ஏற்றலாகாது. முட்டியோ, எலும்பை முறித்தோ, காயப்படுத்தியோ துன்புறுத்தும் பிற பிராணிகளுடன் அதனைச் சேர்த்து வைக்கலாகாது. பயனைக் கருதாத கடமை இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘அது எவருடைய பூனையும் அன்றே’ எனலாம். அதற்கும் மாலிக்கி மத்ஹபின் பிற்கால நூல்களில் விடையுண்டு. கண்ணிழந்த பூனையொன்று ஒருவர் வீட்டில் அடைக்கலம் புகுந்து, அங்கிருந்து செல்ல இயலாதிருப்பின், அதன் பராமரிப்பு அவ்வீட்டார்மீது கடமையாகிவிடுகிறது.

இச்சட்டங்கள் ஏட்டோடு நிற்கவில்லை. இப்னு அப்திஸ்ஸலாம் அவர்களின் இறுதிக் காலத்தில் கெய்ரோவில் ஆட்சிக்கு வந்தவர் சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260-1277). தம் பள்ளிவாசலுக்கு அருகே இருந்த தோட்டமொன்றைப் பூனைகளின் நலனுக்காக அவர் விட்டுச் சென்றார் என்று, 1836-இல் எகிப்தியர் வாழ்வைப் பற்றிய நூலை வெளியிட்ட எட்வர்ட் லேன் எழுதுகிறார். தோட்டம் கைமாறிய பின்னரும், காஜியின் நீதிமன்ற முற்றத்தில் அஸர் வேளையில் ஊர்ப் பூனைகளுக்கு இறைச்சித் துண்டுகள் இடப்பட்டதாக அவர் தெரிவிக்கிறார்.

ஆனால் உணவளிக்க இயன்ற அச்சமுதாயத்தால் பூனைக்கு மருத்துவம் செய்ய இயன்றதா? ‘பைத்தரா’ எனப்படும் கால்நடை மருத்துவம் அரபியில் செழித்ததுதான். ஒன்பதாம் நூற்றாண்டின் இப்னு அகீ ஹிஸாம் முதல், மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதின் காலத்து அபூபக்ர் அல்பைத்தார் வரை அதன் மையம் குதிரையே. வேட்டைப் பருந்துகளுக்கும் தனி நூல்கள் எழுந்தன. சீழ்க்கட்டியைக் கீறித் திறந்து வடியவிடும் முறையை அந்தலூஸின் அஸ்ஸஹ்ராவி விளக்கியது மனிதருக்காக. தமீரீ (ரஹ்) அவர்களின் (ஹிஜ்ரி 808 / கி.பி. 1405) ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலிலோ, பூனையின் உறுப்புகள் மனிதருக்கு எவ்வாறு மருந்தாகும் என்ற செய்தி உண்டு. அங்கே பூனை மருந்தாக வருகிறதேயன்றி நோயாளியாக அன்று.

அந்தக் குறையை இன்றைய மருத்துவம் நிறைவு செய்துள்ளது. பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குகிறது; மேல்தோல் விரைந்து மூடிக்கொள்கிறது; பல்லோடு உள்ளே சென்ற கிருமிகள் சில நாட்களில் சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன. எனவே துளை சிறிதென்று காத்திருப்பதே முதற்பிழை, அது என்னுடையது. கட்டியைப் பிதுக்காமல், இளஞ்சூடான உப்புநீரால் மேலே துடைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவர் கீறிச் சீழை வடித்து, கிருமிகளை அழிக்கும் மருந்தைத் தருவார். அதை இடையில் நிறுத்தாமல் முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு இல்லை. சிறிதளவேயாயினும் அது இரத்தத்தின் உயிர்வளி சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். வலியிலிருக்கும் பூனை தூக்குபவரையும் கடிக்கும். கடிபட்டவர் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். மருத்துவம் அறிந்தவரென அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் அவரே பொறுப்பாளி என்னும் நபிமொழி அபூதாவூதிலும் நஸாஈயிலும் உள்ளது. மனித நோயாளியைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், அதன் படிப்பினை பரந்தது. மாணவர்களின் எண்ணம் தூயது. எண்ணத்திற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால் எண்ணம் அறிவின் இடத்தை நிரப்பாது. இரக்கம் கடமையெனில், இரங்கும் முறையைக் கேட்டறிவதும் கடமையே. கால்நடை மருத்துவமனை எங்கள் ஊரிலேயே இருந்தது. அறிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று நாள்தோறும் பாடம் நடத்தும் நான் அன்று கேட்கவில்லை.

இன்று எங்கள் சமையற்கட்டில் வேறொரு பூனை தங்கியிருக்கிறது. விடுதியின் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குக் கீழே, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை அந்த மாணவர் எழுதி வைத்துள்ளார்.