பாட்டு ஒருவருக்கு, உரிமை ஒருவருக்கு: ஸ்டார்டே இசைத்தட்டு நிறுவனமும் கன்ட்ரி இசையின் கணக்குப் புத்தகமும்

1955இன் பிற்பகுதியில் அமெரிக்கக் கன்ட்ரி இசைச் சந்தையில் ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள் மோதிக்கொண்டன. டெக்சாஸைச் சேர்ந்த ஜார்ஜ் ஜோன்ஸ் என்ற இளைஞர், டாரல் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து எழுதிப் பாடிய ‘ஒய் பேபி ஒய்’, ஸ்டார்டே என்ற சிறு நிறுவனத்தின் வெளியீடாக வந்து பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதற்குள் டெக்கா என்ற பெருநிறுவனம் அதே பாட்டை ரெட் சோவைன், வெப் பியர்ஸ் இருவரையும் பாடவைத்து வெளியிட்டது. அந்தத் தட்டு முதலிடத்துக்கே போய்விட்டது. கன்ட்ரி இசை வரலாறுகளில் இது பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிய கதையாகவே சொல்லப்படுகிறது.

ஆனால் அந்தப் பாட்டின் பதிப்புரிமை ஸ்டார்ரைட் என்ற பாடல் பதிப்பகத்திடம் இருந்தது. ஸ்டார்ரைட் ஸ்டார்டேயின் சொந்தப் பதிப்பகம். டெக்கா விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் அங்கே உரிமைத்தொகை போய்ச் சேர்ந்தது. போட்டியில் தோற்றவர் கல்லாவில் வென்றவரின் காசு விழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. சுயேச்சை இசைத்தட்டு நிறுவனங்களை மண்வாசனை இசையின் காவலர்களாகவோ ஏழைக் கலைஞரைச் சுரண்டியவர்களாகவோ பார்ப்பதுதான் வழக்கம். ஸ்டார்டேயின் வரலாறு இரண்டு பார்வைக்கும் பிடிகொடுப்பதில்லை. அந்த நிறுவனம் எதைப் பதிவு செய்தது, எதை விட்டது என்பதை ரசனையைவிடப் பதிப்புரிமைக் கணக்கே அதிகம் தீர்மானித்தது என்பதும், பழைய பாணி இசை அங்கே பிழைத்துக் கிடந்ததும் அந்தக் கணக்கின் விளைவே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சிறு நிறுவனங்கள் தலையெடுத்ததற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு காரணம். அன்றைய 78 சுழற்சித் தட்டுகளுக்கு அரக்கு வேண்டும். அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. போரில் கடல்வழி அடைபட, 1942இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது. கிடைத்த அரக்கைப் பெருநிறுவனங்கள் நகரத்து ஜனரஞ்சகப் பாட்டுகளுக்கே ஒதுக்கின. ‘ஹில்பில்லி’ என்று இளக்காரமாக அழைக்கப்பட்ட மலைநாட்டு, கிராமத்து இசைக்கு மிச்சமே கிடைத்தது. அந்த இடைவெளியில் நுழைந்தவர்களில் சின்சினாட்டியின் சிட் நேதன் முக்கியமானவர்; அவருடைய கிங் நிறுவனம் 1943இல் பிறந்தது. போருக்குப் பின் காந்த நாடாப் பதிவு வந்ததும், பதிவுக் கூடம் என்பது லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும் விஷயமாக இல்லாமல் போயிற்று.

ஸ்டார்டே 1950களின் தொடக்கத்தில் டெக்சாஸின் போமான்ட் நகரத்தில் உருவானது. ஜாக் ஸ்டார்ன்ஸ் பாடகர்களுக்கு நிகழ்ச்சி பிடித்துத் தருபவர். அவரும் மனைவி நீவாவும் ஒரு காலத்தில் பாடகர் லெஃப்டி ஃப்ரிஸலின் மேலாளர்கள். ‘பாப்பி’ என்று எல்லோரும் அழைத்த ஹெரால்ட் டெய்லி, ஹூஸ்டனில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை நடத்தியவர், தட்டு விநியோகஸ்தர். இருவர் பெயரின் முன்பாதிகளையும் ஒட்டவைத்ததே நிறுவனத்தின் பெயர். 1953இல் டான் பியர்ஸ் மூன்றாவது பங்காளியாக வந்தார். கலிஃபோர்னியாவின் ஃபோர் ஸ்டார் நிறுவனத்தில் தொழில் கற்றவர் அவர். ஸ்டார்ன்ஸ் விரைவிலேயே விலகிக்கொண்டார்.

மூவரில் ஒருவர்கூட இசைக்கலைஞர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு மேடை தெரியும், ஒருவருக்குக் கடை தெரியும், ஒருவருக்குக் கணக்கு தெரியும். தொடக்கப் பதிவுகள் ஸ்டார்ன்ஸின் வீட்டிலேயே நடந்தன. சுவரில் முட்டை அட்டைகளை ஆணியடித்து எதிரொலியை அடக்கினார்கள். பக்கத்து நெடுஞ்சாலையில் லாரி போனால் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்ததாக ஜோன்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1954இல் அங்கே அவர் பதிவு செய்த முதல் தட்டின் தலைப்பு ‘நோ மணி இன் திஸ் டீல்’. இந்தப் பேரத்தில் காசு இல்லை என்று தொடங்கியவர், ஒரு பேரத்தின் காசு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதை அறிந்த முதலாளிகளிடம்தான் வந்து சேர்ந்திருந்தார்.

அந்த ஒளிவிடம் 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்தது. ஒரு பாட்டு முதல்முறை தட்டாக வெளிவந்துவிட்டால், சட்டம் குறித்த தொகையைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பதிவு செய்யலாம். உரிமையாளர் தடுக்க முடியாது. அந்தத் தொகை தட்டுக்கு 2 சென்ட். 1978 வரை அது மாறவேயில்லை. வழக்கமாகப் பாதி பாட்டு எழுதியவருக்கு, பாதி பதிப்பகத்துக்கு. வேறு நிறுவனம் ஒரு லட்சம் தட்டு விற்றால் பதிப்பகத்துக்கு 1,000 டாலர். சிறு தொகைதான். ஆனால் அதற்காகப் பதிப்பகம் தட்டு அடிக்க வேண்டியதில்லை, கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை, விற்காமல் திரும்பிவந்தால் நஷ்டமும் இல்லை. வானொலியில் ஒலிக்கும்போது, நிகழ்த்துரிமைத் தொகை வசூலிக்கும் பி.எம்.ஐ. சங்கத்தின் வழியாக வருவது தனி. ஜூக்பாக்ஸுக்கு மட்டும் அன்றைய சட்டம் நிகழ்த்துரிமைத் தொகையிலிருந்து விலக்கு அளித்திருந்தது. டெய்லி அந்த விலக்கின் இரு பக்கத்திலும் நின்றவர்: பெட்டி நடத்துபவராக அதன் பலனை அனுபவித்தார், பாட்டுக்கு உரிமையாளராக அதே விலக்கால் வருமானத்தை இழந்தார்.

ஸ்டார்டேயின் முதல் வெற்றியே இந்தப் பாடத்தைக் கற்றுத்தந்தது. 1953இல் ஆர்லி டஃப் என்ற பள்ளி ஆசிரியர் பாடிய ‘யூ ஆல் கம்’ கன்ட்ரிப் பட்டியலில் இடம்பிடித்தது. பிறகு ஜனரஞ்சகப் பாடகர் பிங் கிராஸ்பியே அதைப் பாடினார். டஃபின் தட்டைக் கேட்டிராத வீடுகளுக்கெல்லாம் அந்தப் பாட்டு கிராஸ்பியின் குரலில் போயிற்று. ‘ஒய் பேபி ஒய்’ தட்டின் மறுபக்கத்தில் இருந்த ‘சீசன்ஸ் ஆஃப் மை ஹார்ட்’ பாட்டையும் அடுத்த ஆண்டே ஜிம்மி நியூமன் எடுத்துப் பாடினார், பின்னர் ஜானி கேஷ் பாடினார்.

சிறு நிறுவனத்துக்கு ஒரு பாட்டு பெருவெற்றி பெறுவதே ஆபத்து என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. ஆர்டர் குவிந்தால் தட்டு அடிக்கும் ஆலைக்கு உடனே பணம் கட்ட வேண்டும். விநியோகஸ்தரோ மாதக்கணக்கில் இழுத்தடிப்பார், அடுத்த வெற்றித் தட்டு வராவிட்டால் பழைய பாக்கியைத் தரவே மாட்டார். மெம்ஃபிஸில் சன் நிறுவனம் நடத்திய சாம் ஃபிலிப்ஸ், 1955 நவம்பரில் எல்விஸ் பிரெஸ்லியின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. விக்டருக்கு 35,000 டாலருக்கு விற்றதன் பின்னணியில் இந்த நெருக்கடியும் உண்டு. ஃபிலிப்ஸ் புதிய ஒலி தேடிய கலைஞர். அவருக்கு வெற்றிப் பாட்டு வேண்டும். பியர்ஸ் வெற்றிப் பாட்டை நம்பாமல் நிறுவனம் நடத்த வழி தேடினார்.

அந்த வழிகளில் மிகச் சுவையானது காசு வாங்கிக்கொண்டு தட்டு அடித்துத் தரும் திட்டம். ஊர்ப்புறக் குழு ஒன்று நாடாவில் இரண்டு பாட்டைப் பதிந்து, கட்டணத்தோடு தபாலில் அனுப்பும். ஸ்டார்டே அதை ஆலையில் கொடுத்துச் சில நூறு தட்டுகளாக அடித்துப் பெட்டியில் திருப்பி அனுப்பும். குழு அவற்றை மேடையருகே விற்கும், உள்ளூர் வானொலி அறிவிப்பாளரிடம் ஒன்றைக் கொடுத்துவைக்கும். கையில் தட்டு உள்ள பாடகருக்கு வானொலியிலும் கச்சேரியிலும் கிடைக்கும் மதிப்பே வேறு. ஸ்டார்டேக்கு அடக்கவிலைக்கு மேல் சிறு லாபம். அதோடு புதுப் பாட்டாக இருந்தால் பதிப்புரிமை ஸ்டார்ரைட்டுக்கு. நூற்றுக்கணக்கான பாட்டுகளில் ஒன்றை நாளைக்கு ஒரு நட்சத்திரம் பாடினால் போதும். முதலீடு வாடிக்கையாளருடையது, பரிசுச்சீட்டு நிறுவனத்துடையது.

இது சுரண்டல்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அறியாமல் உரிமையை எழுதிக்கொடுத்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த உரிமைகளில் மிகப் பெரும்பாலானவை யாருக்கும் ஒரு காசும் ஈட்டவில்லை. ஈட்டாத உரிமைக்கு மாறாக ஒலியின் தடயம் ஒன்று மிஞ்சியது: அப்பலாச்சிய மலைக்குழுக்கள், டெக்சாஸ் இளைஞர்களின் முரட்டு ராக்கபில்லி, சிற்றூர்த் தேவாலய நால்வர் குழுக்கள். இன்று சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுத்துத் தேடும் தட்டுகளில் பல இவையே. எந்த ரசனையாளரும் இத்தனை பரந்த தொகுப்பைத் திட்டமிட்டு உருவாக்கியிருக்க மாட்டார். கட்டணம் கட்டியவர் எல்லோரையும் ஏற்றுக்கொண்டதால்தான் அது கைகூடியது.

1957 தொடக்கத்தில் மெர்க்குரி நிறுவனம் தன் கன்ட்ரிப் பிரிவை ஸ்டார்டேயிடம் ஒப்படைத்தது. அந்தக் கூட்டு 1958 நடுவில் முறிந்தது. டெய்லி, ஜோன்ஸை அழைத்துக்கொண்டு மெர்க்குரி பக்கம் போனார். பியர்ஸுக்கு மிஞ்சியவை ஸ்டார்டே என்ற பெயர், பதிப்புரிமைகளில் அவர் பங்கு, நாஷ்வில் அருகே மேடிசனில் ஓர் அலுவலகம். நட்சத்திரம் கையில் இல்லை.

நிறுவனத்தின் அழகியல் உருவானது அதன் பிறகுதான். ராக் அண்ட் ரோலின் தாக்குதலில் நிலைகுலைந்திருந்த நாஷ்வில் பெருநிறுவனங்கள் புது வழி கண்டிருந்தன. ஆர்.சி.ஏ.வில் செட் ஆட்கின்ஸும் டெக்காவில் ஓவன் பிராட்லியும் ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கி, வயலின் வரிசையும் கோரஸும் சேர்த்து நகரத்துக் காதுக்கு இதமான ஒலியை உருவாக்கினார்கள். அந்த ஒலிக்குச் செலவு அதிகம். இசையமைப்பு எழுத ஆள் வேண்டும், வாசிக்கப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். பேஞ்சோவும் ஃபிடிலும் கொண்டு பழைய மலைநாட்டுப் பாணியில் வாசிக்கும் புளூகிராஸ் குழுவோ ஒத்திகை பார்த்தே வரும், மின் கருவி கிடையாது, ஒரு பகலில் பல பாட்டு முடியும். அதன் பாட்டுகளில் பல பொதுவுடைமையான நாட்டுப்பாடல்கள் என்பதால் வேறு பதிப்பகத்துக்கு 2 சென்ட் கொடுக்க வேண்டியதில்லை; ‘அமைப்பு’ என்ற பெயரில் புது உரிமையே கோரலாம். ஸ்டான்லி சகோதரர்கள், பில் கிளிஃப்டன், கார்ல் ஸ்டோரி, கன்ட்ரி ஜென்டில்மென் என்று ஸ்டார்டேயின் புளூகிராஸ் பட்டியல் நீண்டதற்கு இந்தக் கணக்கு போதுமான விளக்கம். பேஞ்சோவின் மீது பியர்ஸுக்குப் பற்று இருந்திருக்கலாம். அது இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது.

பெருநிறுவனங்கள் கைவிட்ட மூத்தவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தியது. புளூ ஸ்கை பாய்ஸ், லூலு பெல் – ஸ்காட்டி இணை ஆகியோர் இங்கே மறுபடி பதிவானார்கள். கிங் நிறுவனத்தில் 1940களில் புகழ்பெற்று, பின் பட்டியல்களிலிருந்து மறைந்துபோன கௌபாய் கோபாஸ், 1960இல் ஸ்டார்டேக்காகப் பாடிய ‘அலபாம்’ 12 வாரம் முதலிடத்தில் நின்றது. எளிய கிட்டார் வாசிப்பு, துள்ளல் தாளம், அவ்வளவே. மூன்று ஆண்டு கழித்து பாடகி பாட்சி கிளைனோடு விமான விபத்தில் அவர் இறந்தார்.

ஒற்றைத் தட்டைவிட நீள்தட்டில் பியர்ஸ் நாட்டம் கொண்டதும் இதன் தொடர்ச்சியே. பழைய பதிவுகளைப் புதுத் தலைப்பில் தொகுத்தால் பதிவுச் செலவே கிடையாது. பளிச்சென்ற நிறங்கள், அட்டை நிறையப் பாடகர் பெயர்கள். மளிகைக் கடை விளம்பரத்தின் உரத்த குரல் அந்த அட்டைகளில் உண்டு. கன்ட்ரி ஜென்டில்மென் குழுவின் ‘புளூகிராஸ் அட் கார்னகி ஹால்’ அந்த அரங்கில் பதிவானது அல்ல, பதிவுக் கூடத்தில் பதிவானது. குழு அங்கே ஒருமுறை வாசித்திருந்தது, தலைப்புக்கு அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். 1961இல் நாடு முழுவதும் 81 வானொலி நிலையங்களே முழுநேரமும் கன்ட்ரி ஒலிபரப்பின. வானொலியை நம்ப முடியாத நிலையில் தபால் விற்பனையும் தலைப்பின் கவர்ச்சியும்தான் துணை.

லாரி ஓட்டுநர் பாட்டுகளை ஸ்டார்டே ஒரு தனி வகையாகவே வளர்த்ததையும் இந்தச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை உணவகங்களின் ஜூக்பாக்ஸுகளும் இரவு வானொலியும் அதன் சந்தை. 1964இல் வில்லிஸ் சகோதரர்களின் ‘கிவ் மீ 40 ஏக்கர்ஸ்’, 1965 கடைசியில் வெளிவந்து அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் முதலிடம் பிடித்த ‘கிட்டியப் கோ’. இரண்டாவதைப் பாடியவர், பாடியவர் என்பதைவிடப் பேசியவர், ரெட் சோவைன். பத்தாண்டுக்கு முன் டெக்காவுக்காக ஜோன்ஸின் பாட்டை எடுத்தவரேதான். அவரோடு அதை எழுதியவர் டாமி ஹில், ஸ்டார்டேயின் பதிவுக் கூடத்துத் தயாரிப்பாளர். மின்னி பேர்ல் பேசிய பதில் பாட்டு ஒன்றும் அதே நிறுவனத்திலிருந்தே உடனே வந்தது. கேள்வி, பதில் இரண்டுக்கும் ஒரே கடை.

நேதன் கிப்சன் பியர்ஸின் துணையோடு எழுதி 2011இல் வெளியிட்ட ஸ்டார்டே வரலாற்று நூலின் துணைத்தலைப்பு, கன்ட்ரி இசை கட்டிய வீடு என்று பொருள்படும். அந்த வீட்டின் செங்கல் இசைதான், மறுப்பில்லை. பட்டா யார் பெயரில் என்பதை வைத்துத்தான் அதன் பிற்கால வாழ்வு நடந்தது. 1968 மார்ச்சில் சிட் நேதன் இறந்தார். கிங் நிறுவனம் ஸ்டார்டேயின் கைக்கு வந்தது, சில மாதங்களில் இரண்டும் சேர்ந்தே லின் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பியர்ஸ் தொழிலிலிருந்து ஒதுங்கினார். 1971இல் கிங்கின் நட்சத்திரமான ஜேம்ஸ் பிரவுனின் ஒப்பந்தமும் பதிவுகளும் பிரிந்து பாலிடார் நிறுவனத்துக்குப் போயின. மீதி இன்னும் சில கை மாறி 1970களின் நடுவில் நாஷ்வில்லின் கஸ்டோ நிறுவனத்திடம் வந்தது.

1976இல், லாரி ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சி.பி. வானொலி மோகத்தின் உச்சத்தில், ‘டெடி பேர்’ என்ற பேச்சுப் பாட்டு கன்ட்ரிப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவன் வானொலிக் கருவியில் லாரி ஓட்டுநர்களோடு பேசும் கதை. குரல் ரெட் சோவைனுடையது, எழுதிய நால்வரில் டாமி ஹில்லும் ஒருவர். தட்டின் மேல் ஸ்டார்டே என்ற பெயர். அந்தப் பெயரைத் தந்த இருவரில் எவருக்கும் அப்போது அதில் பங்கில்லை.