குரத்தியர் பள்ளி

குரத்தியர் என்போர் தமிழகத்துச் சமணப் பெண் துறவியர். ஆசிரியரைக் குறிக்கும் 'குரவர்' என்னும் சொல்லின் பெண்பால் இது. கந்தி, கவுந்தி என்ற பெயர்களும் வழங்கின. இவர்கள் கூடி வாழ்ந்த மடம் பெண்பள்ளி எனப்பட்டது.

இலக்கியத்தில் இவர்களுள் புகழ்பெற்றவர், கோவலன் கண்ணகிக்குத் துணையாகப் புகாரிலிருந்து மதுரைவரை நடந்த கவுந்தியடிகள். உறியும் பிச்சைக் கலமும் மயிற்பீலியும் ஏந்திப் புறப்படும் அவர், வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும் என்று அஞ்சுகிறார்.

கூட்டமாக வாழ்ந்த குரத்தியரைக் கல்வெட்டுகளில்தான் காண முடிகிறது. கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழ், செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் ஓரிரு வரியில் உள்ளது. திருச்சாரணத்துக் குரத்தி, மிழலூர்க் குரத்தி என ஊர்ப்பெயரோடு பெண்கள் அங்கே வரிசையாக நிற்கின்றனர். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டச் சிதறால் மலை.

மிக அரிய செய்தி வந்தவாசி வட்டம் வேடலில் கிடைக்கிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரைச் சார்ந்த 500 பேருக்கும், தவப்பெண்டிர் 400 பேருக்கும் பூசல் மூண்டது. குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை உள்ளூர் அடியார்கள் ஏற்றனர். ஒரே ஊரில் இத்தனை பேர் என்பதே பெண்பள்ளி எவ்வளவு பெரிய அமைப்பு என்று காட்டிவிடுகிறது. திகம்பர மரபு பெண்பிறப்பில் வீடுபேறு இல்லை என்கிறது. அம்மரபு வேரூன்றிய நாட்டிலேயே பெண்கள் ஆசிரியப் பட்டம் தாங்கியிருந்தது பெருஞ்செய்தி.

ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் கி.பி. 945இல், முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், பட்டினிக் குரத்தியடிகள் ஒரு கிணறு தோண்டுவித்தார். திருப்பான்மலை அரிட்டநேமியின் மாணாக்கி அவர். அந்தக் கிணற்றோடு சேர்ந்த இடமே பெண்பள்ளியாயிற்று. ஊரைச் சேர்ந்த இருபத்துநால்வர் அதைக் காக்கும் பொறுப்பை ஏற்றனர்.

சைவ, வைணவ எழுச்சிக்குப் பின் சமணம் மெலிய, குரத்தியர் பெயரும் கல்வெட்டுகளில் அருகியது.